பெரிய ஒற்றை அலகு மடக்குக் கத்தி வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோட்டம் வெள்ளகோவில் பக்கம். பச்சை பெல்ட்டின் பையில் ஒரு மடக்குக் கத்தி இல்லாமல் நான் வீட்டை விட்டு இறங்குவதே கிடையாது. கல்யாண வீட்டிலோ சந்தையிலோ யாருக்காவது கயிறு அறுக்க எடுத்துக் கொடுத்தால் போதும், "இது எங்க வாங்குனீங்க, என்ன இரும்பு, லாக் இருக்குதுங்களா" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

மடக்குக் கத்தின்னா பேனாக் கத்தி தானுங்களே?

பேனாக் கத்தியும் மடக்குக் கத்திதான், ஆனால் சின்னது. இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். நான் சொல்வது அதன் பெரியண்ணன்: ஒரே ஒரு அலகு, உள்ளங்கை நிறையும் பிடி, பட்டன் விசை எதுவும் இல்லாமல் இரண்டு கையால் நிதானமாகத் திறப்பது.

கீழே அடிக்கடி வரும் என்பதால் பாகங்களைச் சொல்லிவிடுகிறேன். வெட்டுகிற தகடு அலகு. அதன் கூரான பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு. அலகு சுழல்வது ஆணியில், அதாவது ரிவிட்டில். பிடியின் முதுகில் அலகை அழுத்திப் பிடிக்கிற பட்டை வில். திறக்க நகம் நுழைக்கும் பள்ளம் நகக்குழி.

வீட்டுல கொடுவாள் இருக்குது, அருவாமனை இருக்குது, இது வேற எதுக்குங்க தனியா?

இந்தக் கேள்விக்குப் பதில் நம் பேச்சிலேயே இருக்கிறது. வெட்டுவது, அறுப்பது, சீவுவது, கீறுவது என்று தனித்தனியாகச் சொல்கிறோம் இல்லையா, அது ஒவ்வொன்றும் தனி வேலை. வெட்டுவதற்குக் கையை ஓங்க வேண்டும், கருவிக்கு எடை வேண்டும், அது கொடுவாளுக்கும் அருவாளுக்கும் உரியது. அறுப்பது, சீவுவது, கீறுவது மூன்றுக்கும் எடை வேண்டாம், மெல்லிய தகடும் நல்ல கூரும் இருந்தால் போதும். மடக்குக் கத்தி இந்த மூன்றுக்கானது. முழுக் கத்தியும் ஒற்றை ஆணியில்தான் நிற்கிறது, ஓங்கி அடித்தால் அந்த அடி முழுக்க அந்த ஆணிக்குத்தான் போகும்.

ஒரு நாளில் எனக்கு இது எத்தனை தடவை வெளியே வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். தீவன மூட்டையின் தையல் சணலை அறுக்க, சொட்டுநீர் ட்யூப்பை நேராக நறுக்க, கன்றுக்குட்டியின் கழுத்தில் இறுகிப்போன கயிற்றை எடுக்க, கரும்புத் தோல் சீவ, பச்சை மஞ்சளை ஒரு சீவு சீவி நிறம் பார்க்க, மத்தியானம் மாங்காய் கீற்றுப் போட என்று சாதாரண நாளிலேயே எட்டு, ஒன்பது தடவை. இதற்கெல்லாம் கொடுவாளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. எந்தக் கத்தி வாங்குவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, நீங்கள் வெட்டப் போகிறீர்களா அறுக்கப் போகிறீர்களா என்பதைத்தான்.

ஒத்தை அலகு எதுக்குங்க? கத்திரி, ரம்பம், திருப்புளி எல்லாம் சேர்ந்த சுவிஸ் கத்தி வாங்குனா லாபம் தானே?

டவுனில் ஆபீஸ் போகிறவர் என்றால் சரி, அதை வாங்குங்கள், அருமையான சாமான். தோட்ட வேலைக்கு என்றால் ஒற்றை அலகுதான் என் பக்கம். பல சாமான் சேர்ந்த கத்தியில் பிடி பெட்டி மாதிரி தடித்துவிடும், அலகோ சின்னதாக இருக்கும், அரைமணி நேரம் தொடர்ந்து அறுத்தால் விரல் கணுவெல்லாம் வலிக்கும். ஒற்றை அலகுக் கத்தியில் பிடி கையின் வாகுக்கு உருண்டு வரும். சேறும் வாழைக்கறையும் உள்ளே போனாலும் தண்ணீரில் ஒரு அலசு, துணியில் ஒரு துடைப்பு, முடிந்தது.

பெருசுன்னா எவ்வளவு பெருசுங்க? முழ நீளம் வேணுமா?

வேண்டாம். உங்கள் உள்ளங்கையின் அகலத்தை, கட்டைவிரலை விட்டுவிட்டு, அளந்து பாருங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் எட்டரை, ஒன்பது செ.மீ. வரும். அலகு அதைவிட அரை விரல் கூட இருக்கட்டும், அதாவது 9 முதல் 10 செ.மீ. அலகு அந்த அளவில் இருந்தால், மடக்கிய கத்தி 12, 13 செ.மீ. இருக்கும், பெல்ட் பையில் துருத்தாது, வேட்டி மடிப்பில் வைத்தாலும் குத்தாது.

12 செ.மீ. அலகு தர்பூசணிக்கும் பெரிய ரொட்டிக்கும் நன்றாக இருக்கும். ஆனால் மடக்கினாலே 16 செ.மீ. ஆகிவிடுவதால் நாளெல்லாம் சுமந்து திரிகிற அளவு அது இல்லை, வீட்டிலோ காரிலோ வைத்துக்கொள்ளலாம். 8 செ.மீ.க்குக் கீழே போனால் கரும்புக்கும் கனமான கயிற்றுக்கும் இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டி வரும்.

முதுகின் தடிமன் 2 முதல் 3 மி.மீ. போதும். தடித்த கத்திதான் பலமான கத்தி என்று நினைத்து 4 மி.மீ. தகட்டை வாங்கியவர்கள் மாங்காயை அறுப்பதற்குப் பதில் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பையில வச்சிருந்தா போலீஸ் பிடிக்குங்களா?

1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. 2016ஆம் வருடத்து ஆயுத விதிகளின் பட்டியலில் கத்திகளைச் சொல்லும் இடத்தில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று இருக்கிறது, அங்கேயும் வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவை விலக்கு. நாம் பேசுகிற 10 செ.மீ. கத்தி நாலு அங்குலம்தான்.

ஆனால் சட்டத்து அளவு ஒன்று, நாம் போகிற இடம் ஒன்று. கோர்ட், கலெக்டர் ஆபீஸ், கட்சிக் கூட்டம், தேர்தல் நேரச் சோதனை, இங்கெல்லாம் எந்தக் கத்தியும் கேள்வியைக் கிளப்பும், வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். ஒருமுறை இதை மறந்து கையோடு கொண்டுபோய், பல வருடம் கூடவே இருந்த ஒரு கத்தியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன், இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து பனியன் வியாபாரத்துக்கு டெல்லி போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதையும் சொல்கிறேன். டெல்லியில் 1980ஆம் வருட அறிவிக்கை ஒன்று இருக்கிறது. பட்டனாலோ ஸ்பிரிங்காலோ மற்ற இயந்திர அமைப்பாலோ திறந்து மூடுகிற, அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ள கத்திகளுக்கு அங்கே கட்டுப்பாடு. அந்தப் பயணத்துக்குக் கத்தியே வேண்டாம்.

இரும்பா எவர்சில்வரா? எதைத்தான் வாங்கறது?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண எஃகில் இரும்போடு கரி, அதாவது கார்பன், கலந்திருக்கும், கத்திக்கு நல்லது என்றால் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. அதில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் சேர்த்தால் துருப்பிடிக்காத எஃகு. கத்திக்கு உரிய துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் பதின்மூன்று சதவீதம் போல இருக்கும். சாதாரண எஃகு கல்லில் சீக்கிரம் தீட்ட வரும், நுண்ணிய கூர் எடுக்கும், ஆனால் ஈரத்தில் விட்டால் ஒரே ராத்திரியில் துரு. துருப்பிடிக்காதது தீட்ட இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கும், ஆனால் மறதிக்காரரை மன்னிக்கும்.

நம் கொங்கு நாட்டிலேயே இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் காற்று வறண்டது, அங்கே சாதாரண எஃகு எந்தத் தொல்லையும் தராது, துடைத்து வைத்தால் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று ஈரத்தோடு வருகிற பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும், அதற்கு மேலே வால்பாறையிலும் சாதாரண எஃகு வாங்கினால் ஆடி மாதம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே துருப்பிடிக்காததை வாங்குங்கள். வேர்வையும் கணக்கில் வரும், இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

கத்தி காந்தத்துல ஒட்டுதுங்க. எவர்சில்வர்னு சொல்லி ஏமாத்திட்டாங்களா?

இல்லை, ஒட்டினால்தான் நல்லது. வீட்டுப் பாத்திரம் செய்கிற எவர்சில்வரில் குரோமியம் 18, நிக்கல் 8 என்ற கணக்கு இருக்கும். அது காந்தத்தில் ஒட்டாது, அல்லது லேசாக ஒட்டும், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தாலும் கடினமாகாது. கத்திக்கான துருப்பிடிக்காத எஃகு வேறு வகை, அது தோய்ச்சலில் கடினமாகும், காந்தத்திலும் நன்றாக ஒட்டும். ஆக, காந்தமே ஒட்டாத பளபளப்பான கத்தி ஒன்றைத் திருவிழாக் கடையில் பார்த்தால் திருப்பி வைத்துவிடுங்கள், அது பாத்திரத் தகடு, ஒரு மூட்டை பிரிப்பதற்குள் மொக்கையாகிவிடும்.

அப்படின்னா நம்ம ஊர் ஆசாரிகிட்டயே லாரிப் பட்டையில அடிச்சு வாங்கிக்கலாமுங்களா?

தாராளமாக. லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் கரி அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும், கொடுவாளுக்கு அதைவிடப் பொருத்தமான இரும்பு சுலபமாகக் கிடைக்காது, அடி தாங்கும். மடக்குக் கத்திக்கும் ஆகும், கூர் கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவுதான். பழைய அரத்தில் செய்தால் கரி அதிகம், கூர் நீண்ட நேரம் நிற்கும், ஆனால் தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தாமல் விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். ஆசாரியிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: தோய்ச்சல் எதில், தோய்த்த பிறகு பதம் எப்படி இறக்குகிறீர்கள்? வைக்கோல் நிறம் வரும்வரை காய்ச்சுவேன் என்று சொல்கிறவர் கையில் நம்பிக் கொடுக்கலாம்.

இது நமக்குப் புதிதான கலையும் இல்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய இரும்பு உருக்கும் உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பட்டறையில் ஊதுகிற உலையை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

பட்டறையில் சிரமம் அலகில் வராது, மடக்குகிற இடத்தில் வரும். ஆணித் துளை அரை மி.மீ. பெரிதானாலும் அலகு ஆடும். அதனால் வில் வைத்த கத்தி கேட்காமல், வெறும் உராய்வில் நிற்கிற கத்தியாகக் கேளுங்கள். அது என்ன என்பது அடுத்த பதிலில்.

லாக் இல்லாத கத்தி விரலை வெட்டிடாதுங்களா?

பழைய மடக்குக் கத்திகளில் நான்கு விதம். முதலாவது, வெறும் உராய்வு: ஆணி இறுக்கமாக இருக்கும், அலகின் அடியில் ஒரு வால் நீண்டிருக்கும், அறுக்கும்போது அந்த வாலைக் கட்டைவிரலோ உள்ளங்கையோ அழுத்திக்கொண்டிருப்பதால் அலகு மூடாது. இரண்டாவது, வில்: முதுகுப் பட்டை அலகைத் திறந்த நிலையில் அழுத்தி வைக்கும், பூட்டாது. மூன்றாவது, பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையம், திறந்தபின் அதைத் திருப்பினால் அலகு மூட வழியில்லை. நான்காவது, முதுகில் பூட்டு: வில்லின் நுனி அலகின் பள்ளத்தில் போய் விழும், பிடியின் பின்பக்கம் அழுத்தினால்தான் விடும்.

விரல் வெட்டுப்படுவது எப்போது என்றால், முனையால் குத்தும்போதும், ஆழமாகச் சிக்கிய கத்தியை முதுகுப் பக்கம் நெம்பி இழுக்கும்போதும். அறுக்கும்போது வாயின் மேல் இருக்கிற அழுத்தமே அலகைத் திறந்து பிடிக்கிறது. குத்துகிற வேலை உங்களுக்கு அடிக்கடி உண்டு என்றால், உர மூட்டை, தார்ப்பாய், ட்யூப் இதெல்லாம் அப்படித்தான், பூட்டு உள்ளதை வாங்குங்கள். எனக்கு வளையம்தான் பிடிக்கும், மண் போனாலும் திருப்பலாம், கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை.

லாக் இருந்தா முதுகுல கட்டையால தட்டி விறகு பிளக்கலாமுங்களா?

கூடாது. பூட்டு என்பது கை தவறினால் காப்பாற்ற இருப்பது. தட்டுகிற அடி எங்கே போகும் என்பதைக் கொடுவாள் கேள்வியிலேயே சொன்னேன், அதே ஆணிக்குத்தான். என் மச்சான் ஒருத்தர் வெள்வேல மரச் சிராய்க்கு இப்படித் தட்டியதில் வளையம் நசுங்கி, கத்தி அப்புறம் மூடவே இல்லை.

வெளிநாட்டுக் கத்தி பேரெல்லாம் பசங்க சொல்றாங்க. அதுல எதுங்க நமக்கு ஆகும்?

நான் கையில் வைத்துப் பார்த்தவரை சொல்கிறேன். ஒப்பினெல், பிரான்சின் சவோய் மலைப்பக்கத்தில் 1890இல் ஒரு கருமார் குடும்பத்துப் பையன் ஆரம்பித்தது. 1897 முதல் எண் போட்டு விற்கிறார்கள், வளையப் பூட்டு 1955இல் வந்தது. 9ஆம் எண்ணில் அலகு 9 செ.மீ., 10ஆம் எண்ணில் 10 செ.மீ., 12ஆம் எண்ணில் 12 செ.மீ. மெல்லிய தகடு, லேசான பீச் மரப்பிடி, சாதாரண எஃகிலும் துருப்பிடிக்காததிலும் உண்டு. நம் வேலைக்கு ஒன்று மட்டும் சொல் என்றால் 9 அல்லது 10ஐச் சொல்வேன், முன்னால் சொன்ன உள்ளங்கைக் கணக்கு இரண்டில் எது என்று காட்டிவிடும்.

ஹிகோனோகாமி, ஜப்பானின் மிக்கி ஊர்க் கத்தி. மடித்த தகட்டுப் பிடி, வாலை அழுத்துகிற உராய்வு வகை. ஆசாரியிடம் மாதிரிக்குக் காட்ட இதைவிட எளிய அமைப்பு கிடையாது. பக் 110, அமெரிக்கா, 1964இல் வந்தது, முதுகுப் பூட்டு, பித்தளை முனைகள், அலகு ஒன்பதரை செ.மீ., பலமானது. ஆனால் எடை 200 கிராம், அதை வேட்டியில் வைத்தால் வேட்டி இறங்கும், பெல்ட் உறைதான் சரி. சாட் பஸ்டர் என்பது ஒரு கம்பெனியின் பெயர் இல்லை, அமெரிக்க விவசாயிகளின் ஒரு வடிவம்: அகலமான ஒற்றை அலகு, வில், அலங்காரம் இல்லாத பிடி. பழம், கயிறு, மூட்டை மூன்றுக்கும் அந்த அகல அலகு சுகமாக இருக்கும்.

நம் நாட்டில் பெயர் பெற்றது உத்தரப் பிரதேசத்து ராம்பூர்க் கத்தி. அலகு நாலரை அங்குலத்துக்கு மேல் செய்யக்கூடாது என்று 1990களில் அங்கே தடை வந்தது. வேலைப்பாட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கி வைப்பது வேறு, தோட்டத்துக்கு அதன் ஊசி முனை தேவையில்லை.

முனை கூரா இருக்கோணுமா, மொழுக்குன்னு இருக்கோணுமா?

மூட்டை, தார்ப்பாய் கீறுகிறவருக்கு முதுகு லேசாக இறங்கி வாயோடு சேர்கிற நடுத்தர முனை. ஆடு மாட்டோடு வேலை செய்கிறவருக்கு முதுகு வளைந்து இறங்கி வாய் நேராக இருக்கிற, ஆட்டுக் குளம்பு போன்ற முனை. கயிற்றை அறுக்கும்போது மாடு தலையை உதறினாலும் தோலில் குத்தாது. ஒட்டுக்கட்டுகிற வேலைக்கும் நேர் வாய் நல்லது, ஆனால் அதற்குத் தனியாகச் சின்ன ஒட்டுக்கத்தியே வைத்துக்கொள்ளுங்கள், கரும்பு சீவிய கத்தியால் மா ஒட்டுக் கட்டினால் வெட்டுவாய் சுத்தமாக இருக்காது.

பிடி மரமா, கொம்பா, பிளாஸ்டிக்கா?

மரம் கைக்கு இதம், வேர்த்தாலும் வழுக்காது. ஒரே குறை, தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினால் அலகை நெருக்கிப் பிடித்துத் திறக்க விடாது. மழைக்காலத்துக்கு முன்னால் பிடியின் உள்பள்ளத்தில் உருக்கிய தேன்மெழுகு விட்டால் பாதித் தொல்லை தீரும். எருமைக் கொம்பு அழகு, ஆனால் வைகாசி வெயிலில் வண்டி பெட்டியில் போட்டு வைத்தால் விரிசல் விடும். வால்பாறை, ஆனைமலைக்காரர்களுக்குப் பிளாஸ்டிக்தான் புத்திசாலித்தனம்.

கடையில கையில எடுத்ததும் என்னங்க பாக்கோணும்?

மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள், அலகு நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. திறந்து, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். வில் கத்தி என்றால் திறந்து முடிகிற இடத்தில் "டக்" என்று திடமாக உட்கார வேண்டும். பிடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வில்லுக்கும் பக்கத் தகடுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. கடைசியாக, மூடும்போது வாய் உள்ளே வில்லில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பல் விழும்.

கூர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கூரை வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம், ஆட்டத்தை எடுக்க முடியாது.

சாணை பிடிக்கிறவர் சைக்கிள்ல வர்றாரு, அவருகிட்ட குடுத்தா போதாதுங்களா?

அருவாமனைக்கும் கத்தரிக்கும் கொடுங்கள். மெல்லிய மடக்குக் கத்தியைச் சுழலுகிற உலர்ந்த சாணையில் அழுத்தினால் வாய் நுனி நொடியில் சூடேறும். அங்கே நீலம் பூத்துவிட்டால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறு பக்கம் நைசுமான தீட்டுக்கல் கிடைக்கும். அதை நனைத்து வைத்து, கத்தியைப் படுக்க வைத்து, முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஒரு காகிதத்தின் மூலையை ஒருமுறை மடியுங்கள், 45 டிகிரி. இன்னொருமுறை மடியுங்கள், இருபத்திரண்டரை. அதைவிடத் துளி குறைவாக, அதே சாய்வை மாற்றாமல், கல்லின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பதுபோல இழுங்கள். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் எதிர்ப்பக்கம் விரலுக்கு ஒரு பிசிறு தட்டும், அது முழு நீளத்துக்கும் வந்தபின்தான் பக்கம் மாற்ற வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான், பிசிறு வருமுன்பே மாற்றிவிடுகிறார்கள். பிறகு நைஸ் பக்கம் பத்துப் பத்து இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னால் போகிற மாதிரி இருபது இழுப்பு. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், பழகினால் ஐந்து நிமிடம்.

மாங்காய் அறுத்தேனுங்க, அலகு கருத்துப் போச்சு. துருவா?

சிவப்பும் பொடியுமாக இருந்தால் துரு. சாம்பலும் நீலமும் கலந்த கருமையாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் அது புளிப்பு பட்டு ஏறிய மேல்பூச்சு. சாதாரண எஃகில் அது வரவேண்டும், துருவை ஓரளவு தடுக்கும், தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். வாழைக்கறை பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும், அதைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் விடும்.

எண்ணெய் என்று வரும்போது, கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆணிக்குள் போனால் நாளடைவில் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது, காங்கயத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு அதற்குப் பஞ்சமும் இல்லை. மார்கழிக் குளிரில் உறையும், அது ஒரு குற்றமில்லை. ஆணிக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அலகுக்குத் தேங்காய் எண்ணெய், நான் செய்வது இதுதான்.

அம்மணிக்கும் பையனுக்கும் வாங்கித் தரலாமுங்களா?

அம்மணிக்கு ஏன் கூடாது? கோபியில் என் அக்கா வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து மாட்டுக்கொட்டகை வரை ஒரே கத்தியைத்தான் வைத்திருக்கிறார். கடினமான வில் கத்தி மட்டும் வேண்டாம், நகம் உடையும், அதில்தான் கை வழுக்குகிறது. வளையமோ உராய்வோ சுலபம். அளவுக்கு மேலே சொன்ன உள்ளங்கைக் கணக்கே.

பையனுக்கு வயதைவிடப் பழக்கம் முக்கியம். என் மகனுக்குப் பத்து வயதில் முனை உருண்ட வளையக் கத்தி கொடுத்தேன், ஒப்பினெல் 7ஆம் எண்ணில் குழந்தைகளுக்கென்றே அப்படி ஒன்று வருகிறது. முதல் மூன்று மாதம் என் கண் முன்னால் மட்டும், உட்கார்ந்துகொண்டு மட்டும், தன் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக மட்டும்.

கத்திய கையில குடுக்கக் கூடாது, சண்டை வரும்ங்கறாங்களே?

எங்கள் ஆத்தாவும் அதைத்தான் சொல்வார். கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்ல பழக்கம், விடாதீர்கள், கைமாற்றும்போது யாருக்கும் வெட்டுப்படாது. கையில் கொடுத்தே ஆக வேண்டுமானால் மடக்கிக் கொடுங்கள். ஆயுத பூஜைக்குக் கொடுவாளோடு சேர்த்து இதையும் கழுவிப் பொட்டு வையுங்கள்.

அலகு ஆட ஆரம்பிச்சிருச்சு. ஆணிய அடிச்சு இறுக்கலாமுங்களா?

ஆணித் தலை பித்தளை அல்லது மென்மையான இரும்பு என்றால் முடியும். ஒரு தலையை இரும்புப் பட்டடைமேல் உட்காரவைத்து, மறு தலையைச் சின்ன உருண்டைத்தலைச் சுத்தியால் சுற்றிலும் லேசாக, மழைத்துளி விழுவதுபோலத் தட்டுங்கள். ஐந்து தட்டுக்கு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அதிகமாகி இறுகிப்போனால் நடுவே மெல்லிய தகட்டுத் துண்டு விட்டு நெம்பி விடுவிக்க வேண்டி வரும். துளையே நீள்வட்டமாகிவிட்டது என்றால் தட்டிப் பயனில்லை, பெரிய ஆணி போட ஆசாரியிடம்தான் போக வேண்டும்.

அப்பாரு வச்சிருந்த கத்தி பரண்ல கெடந்துச்சுங்க. துரு ஏறி, மூடினாலும் முனை வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. தேறுங்களா?

பெரும்பாலும் தேறும். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள், பிறகு ஆணிப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத் திறங்கள், முனையைப் பிடித்து இழுக்காதீர்கள். துருவைப் பித்தளை பிரஷ்ஷாலோ நைசான உப்புத்தாளை எண்ணெயில் தொட்டோ எடுங்கள். கிரைண்டர் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, காரணம் சாணைக் கேள்வியில் இருக்கிறது. உங்கள் அப்பாரு நாற்பது வருடம் தீட்டியதில் வாய் உள்வாங்கியிருக்கும், ஆனால் அலகு மூடி நிற்கும் உயரம் அப்படியே இருக்கும், முனை நீட்டுவது அதனால்தான். அலகின் அடியில், வாய் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், கூர் இல்லாத ஒரு சின்ன முட்டு இருக்கும், மூடும்போது வில்லில் போய் உட்காருவது அதுதான். அதை நைஸ் அரத்தால் கால் மி.மீ. தேய்த்தாலே முனை உள்ளே இறங்கிவிடும். மூன்று தேய்ப்புக்கு ஒருமுறை மூடிப் பார்த்துக்கொண்டே போங்கள், அளவு தாண்டினால் வாய் வில்லில் இடிக்கும்.